புயலுக்குப் பெயர் வைத்த பிறகு பாலிசி எடுத்தால் என்ன ஆகும்?

நவம்பர், டிசம்பரில் அந்தமானுக்கோ, இலங்கைக்கோ குடும்பத்தோடு கிளம்பத் திட்டம் போட்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் டிக்கெட் விலையைப் பார்த்த அதே நாளில் பயணக் காப்பீட்டையும் பார்த்துவிடுங்கள். "கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எடுத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டால் என்ன நடக்கும் என்பதை எங்கள் பெரியம்மா குடும்பம் நேரடியாகவே பார்த்துவிட்டது.

பெரியப்பா ஓய்வு பெற்ற வருடம் அது. ஈரோட்டிலிருந்து அவரும் பெரியம்மாவும், சென்னையில் வேலை பார்க்கும் அண்ணனும் அண்ணியும், நாலு பேருமாக அந்தமான் போவதாக ஏற்பாடு. 2023 டிசம்பர் 4-ஆம் தேதி சென்னையிலிருந்து விமானம். விமான டிக்கெட், போக வர ₹52,000. ஹோட்டல் அறைகள் ₹41,000, முழுப் பணமும் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது. தீவுகளுக்கு இடையே போகும் தனியார் படகுக்கு ₹9,600. டிசம்பர் 2-ஆம் தேதி சாயங்காலம் டி.வி.யில் புயல் செய்தியைப் பார்த்ததும் அண்ணனுக்கு லேசாகப் பயம் வந்தது. உடனே போனிலேயே நாலு பேருக்கும் உள்நாட்டுப் பயணக் காப்பீடு எடுத்தார். ஐந்து நிமிட வேலை. "இனிமே கவலை இல்லை" என்று வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் பாலிசியையும் போட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். மிக்ஜாம் புயல். சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்கு டிசம்பர் 4 பொது விடுமுறை. ஓடுபாதையில் தண்ணீர் தேங்கி விமான நிலையம் மூடப்பட்டது, மறுநாள் காலைதான் திறந்தது. விமான நிறுவனம் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. போக வர ஒரே பி.என்.ஆர். என்பதால் இரண்டு பக்கத்துக்கும் கிடைத்தது. ஹோட்டலில் கேட்டபோது வந்த பதில்: "இங்க வெயில் அடிக்குதுங்க சார், ரூம் ரெடியா இருக்கு, நீங்கதான் வரலை." படகு நிறுவனமும் அதையேதான் சொன்னது, அவர்கள் படகு அன்று ஓடியிருக்கிறது. சரி, இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று ₹50,600-க்கு கிளைம் போட்டால், 'பாலிசி தொடங்கும் முன்பே தெரிந்திருந்த நிகழ்வு' என்று சொல்லி நிராகரித்துவிட்டார்கள்.

தெரிந்த நிகழ்வு என்றால்?

காப்பீடு என்பதே நடக்குமா நடக்காதா என்று தெரியாத ஒன்றுக்குத்தான். வீடு தீப்பிடித்து எரியும்போது யாரும் தீ விபத்துக் காப்பீடு தரமாட்டார்கள். புயலுக்கும் அதேதான். ஆனால் தீயைப் போல புயல் ஒரே நொடியில் வந்துவிடுவதில்லை, படிப்படியாக வளர்கிறது. அதில் எந்தப் படியில் அது 'தெரிந்த நிகழ்வு' ஆகிறது என்பதில்தான் சிக்கல்.

முதலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. அது வலுப்பெற்றால் தாழ்வு மண்டலம், பிறகு ஆழ்ந்த தாழ்வு மண்டலம். காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் அது புயல், அப்போதுதான் பெயர். வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் உருவாகும் புயல்களுக்கு, 13 நாடுகள் முன்கூட்டியே கொடுத்து வைத்திருக்கும் பட்டியலிலிருந்து வரிசைப்படி பெயர் சூட்டுவது டெல்லியில் உள்ள இந்திய வானிலை ஆய்வுத் துறை. மிக்ஜாம் என்பது மியான்மர் கொடுத்த பெயர். அந்தப் புயலுக்கு அதிகாரப்பூர்வமாகப் பெயர் வந்தது டிசம்பர் 3-ஆம் தேதி. அண்ணன் பாலிசி எடுத்தது 2-ஆம் தேதி. "பேரே வைக்கலையே, அப்புறம் எப்படி தெரிந்த நிகழ்வு?" என்பது அண்ணனின் வாதம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பல பாலிசிகளில் 'பெயர் சூட்டப்பட்ட புயல்' என்று எழுதியிருப்பதில்லை. பாலிசி எடுக்கும்போது பொதுவெளியில் தெரிந்திருந்த, அல்லது எச்சரிக்கை விடப்பட்டிருந்த எந்த நிகழ்வும் விலக்கு என்ற பொருளில்தான் எழுதியிருப்பார்கள். டிசம்பர் 2-ஆம் தேதி கடலில் ஆழ்ந்த தாழ்வு மண்டலம் இருந்தது. அது புயலாகும் என்று வானிலைத் துறை முன்பே அறிவித்திருந்தது. டி.வி. சேனல்கள் இன்னும் ஒரு படி மேலே போய், அடுத்து வரப்போகும் பெயரையே சொல்லத் தொடங்கியிருந்தன. ஆக, பாலிசி எடுக்கச் சரியான நாள் ரொம்ப முன்னாலேயே போய்விட்டது.

சரியான நாள் எது? முதல் முன்பணம் கட்டும் நாள்தான். பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே ஹோட்டலுக்குப் பணம் கட்டுகிறீர்கள் என்றால் அன்றே பாலிசியும் எடுங்கள். பயணத்தை ரத்து செய்வதற்கான பாதுகாப்பு, பொதுவாக பாலிசி எடுத்த நாளிலிருந்து கிளம்பும் நேரம் வரைக்கும்தான். முன்னதாக எடுத்தால் அந்த இரண்டு மாதமும் பாதுகாப்புக்குள் வந்துவிடும். கடைசி நாளில் எடுத்தால் அந்தப் பகுதிக்குக் கொடுக்கும் பிரீமியம் ஏறக்குறைய வீண்.

புயல் எங்கே அடிக்க வேண்டும்?

இது வேடிக்கையான கேள்வியாகத் தெரியலாம். பெரியம்மா வீட்டுக் கதையில் உண்மையான ஓட்டை இதில்தான் இருந்தது என்பது என் எண்ணம். புயல் அடித்தது சென்னையில். அவர்கள் போக வேண்டிய இடத்தில் வெயில். சில பாலிசிகள் 'சென்றடையும் இடத்தில் இயற்கைப் பேரிடர்' ஏற்பட்டால் மட்டுமே பயண ரத்துக்குப் பணம் தருகின்றன. அதாவது அண்ணன் அந்த பாலிசியை அக்டோபரிலேயே எடுத்திருந்தாலும், வாசகம் அப்படி இருந்திருந்தால் பணம் வந்திருக்காது! வேறு சில பாலிசிகளில் புறப்படும் இடம், சென்றடையும் இடம் இரண்டும் உண்டு. இன்னும் சிலவற்றில், மோசமான வானிலையால் விமானம், ரயில், கப்பல் சேவை ரத்தானாலே போதும்.

தமிழ்நாட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கரைதான் புயல் வரும் பாதை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது, மறுநாள் அதிகாலைதான் திறந்தது. நீங்கள் போகிற ஊரில் புயல் வருமா என்று மட்டும் பார்க்காதீர்கள். வீட்டிலிருந்து ஏர்போர்ட் வரை போய்ச் சேர முடியுமா என்றும் பாருங்கள். மிக்ஜாம் அன்று வியாசர்பாடி, பேசின் பாலம் பக்கம் தண்ணீர் ஏறியதால் சென்னை சென்ட்ரலுக்கு வரும், போகும் ரயில்கள் பல ரத்தாகின. விமானம் கிளம்பிவிட்டது, ஆனால் ஏர்போர்ட்டுக்குப் போகும் வழியெல்லாம் வெள்ளம் என்ற நிலை வந்தால், அதற்குப் பெயர் 'விமானத்தைத் தவறவிடுதல்'. சில பாலிசிகளில் அது தனிப் பிரிவு. சிலவற்றில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டால் மட்டும் பணம் உண்டு, முதல் விமானத்துக்குக் கிடையாது.

இதையெல்லாம் விளம்பரப் பக்கத்தில் தேடினால் கிடைக்காது. காப்பீட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் 'பாலிசி வேர்டிங்' என்று ஒரு பி.டி.எஃப். இருக்கும். நீளமாகத்தான் இருக்கும், நானும் முதலில் மூன்று பக்கத்தோடு மூடிவிட்டேன். முழுவதும் படிக்க முடியாவிட்டாலும் மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள். பயண ரத்து, பயணத்தைப் பாதியில் முடித்தல், பொது விலக்குகள். புரியவில்லை என்றால் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். போனில் கேட்டால் "எல்லாம் கவராகும் சார்" என்று சொல்லிவிடுவார்கள், பிறகு அதை நிரூபிக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

பயம் வேறு, பேரிடர் வேறு

'வானிலை சரியில்லை, போக வேண்டாம்' என்று நீங்களே முடிவெடுத்து ரத்து செய்தால், சாதாரண பாலிசியில் பணம் கிடைக்காது. விமானம் ஓடுகிறது, ஹோட்டல் திறந்திருக்கிறது, எச்சரிக்கை மட்டும் இருக்கிறது என்றால் அது உங்கள் விருப்பம் என்றே எடுத்துக்கொள்வார்கள். எந்தக் காரணத்துக்கு ரத்து செய்தாலும் ஒரு பகுதியைத் தரும் திட்டங்களும் சில நிறுவனங்களிடம் இருக்கின்றன. பிரீமியம் கூடுதல்.

ஆனால் இதற்காக யாரும் எச்சரிக்கையை மீறிக் கிளம்பிவிட வேண்டாம். கடலுக்குப் போகாதீர்கள் என்று நிர்வாகம் சொன்ன பிறகு போய், அதில் காயம் பட்டால், அந்த மருத்துவக் கிளைமும் நிராகரிக்கப்படலாம். ஸ்கூபா டைவிங், கடலடி நடை போன்றவற்றைப் பல பாலிசிகள் 'சாகச விளையாட்டு' என்று தள்ளி வைத்திருக்கும், தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. அந்தமான் போய்விட்டு ஸ்கூபா பண்ணாமல் வருகிறவர்கள் குறைவு என்பதால் இதைச் சொல்கிறேன்.

தாமதத்துக்கான பணத்தையும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். இத்தனை மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் இவ்வளவு என்று ஒரு தொகை குறித்திருப்பார்கள். 6 மணி நேரம் என்று இருந்தால், ஐந்தரை மணி நேரத் தாமதத்துக்கு ஒன்றும் கிடையாது. அதேபோல ஒவ்வொரு கிளைமிலும் முதலில் ஒரு கழிவுத் தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். ₹3,000 கழிவு உள்ள பாலிசியில் ₹3,500 நஷ்டத்துக்கு அலைந்து திரிந்து வாங்கினால் கையில் வருவது ₹500.

ரயில் டிக்கெட்டில் டிக் போட்டது போதுமா?

ஐ.ஆர்.சி.டி.சி.யில் டிக்கெட் எடுக்கும்போது ஒரு ரூபாய்க்கும் குறைவாக ஒரு காப்பீடு வருமே, அதுதான் பயணக் காப்பீடு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. அது ரயில் விபத்துக்கான காப்பீடு. விபத்தில் மரணம், நிரந்தர ஊனம், மருத்துவமனைச் செலவு இவற்றுக்குத்தான் பொருந்தும். அந்தக் காசுக்கு அது நல்ல விஷயம், கட்டாயம் எடுங்கள். ஆனால் புயலால் ரயில் ரத்தாகி உங்கள் ஹோட்டல் பணம் போனால் அது உதவாது.

ரயில் முழுவதுமாக ரத்தானால் டிக்கெட் கட்டணம் முழுக்கத் திரும்பி வரும். இ-டிக்கெட் என்றால் எதுவும் செய்ய வேண்டாம், தானாகக் கணக்கில் ஏறும். கவுன்ட்டரில் எடுத்த டிக்கெட்டை நேரில் கொடுத்துத்தான் வாங்க வேண்டும், அதற்கு மூன்று நாள் அவகாசம். ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் பயணம் செய்யவில்லை என்றால், ரயில் உண்மையில் கிளம்புவதற்கு முன்பே டி.டி.ஆர். பதிவு செய்ய வேண்டும்.

விமானம் என்றால், புயலால் ரத்தானதற்கு நஷ்ட ஈடு கேட்க முடியாது. நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறிய காரணம் என்று டி.ஜி.சி.ஏ. விதியிலேயே விலக்கு உண்டு. ஆனால் டிக்கெட் பணம் திரும்ப, இல்லாவிட்டால் மாற்று விமானம், இந்த இரண்டில் ஒன்று உங்கள் உரிமை. பணத்துக்குப் பதிலாக 'கிரெடிட் ஷெல்லில் போட்டுவிடுகிறோம், அடுத்த முறை பயன்படுத்திக்கொள்ளுங்கள்' என்றால், சம்மதிப்பதும் மறுப்பதும் உங்கள் கையில். ஏஜென்ட் மூலமாக டிக்கெட் எடுத்திருந்தாலும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதே. இழுத்தடித்தால் ஏர்சேவா தளத்தில் புகார் செய்யலாம்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், விமான நிறுவனம் திருப்பித் தந்த பணத்தை இன்சூரன்ஸிலும் கேட்க முடியாது. எங்கும் திரும்பக் கிடைக்காத தொகைக்கு மட்டுமே கிளைம். அதனால் பாலிசித் தொகையை முடிவு செய்யும்போது மொத்தச் செலவைப் பார்க்காதீர்கள். ரத்தானால் எவ்வளவு உண்மையில் போகும் என்று கூட்டிப் பாருங்கள். பெரியம்மா குடும்பத்துக்கு அது ₹1,02,600 இல்லை, ₹50,600. ஹோட்டலில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து, ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாக எடுத்திருந்தால் அது ₹9,600 ஆகியிருக்கும். சில நேரம் இன்சூரன்ஸை விட அதுவே மலிவு.

தீவில் மாட்டிக்கொண்டால்

போக முடியாமல் போவது பண நஷ்டம். போய்விட்டுத் திரும்ப முடியாமல் போவது வேறு மாதிரி. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னைக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பு, அது அந்தமான் அருகே உருவாகிக்கொண்டிருந்தபோது, ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். படகுகள் நின்றுவிட்டன. கடற்படையும் கடலோரக் காவல் படையும் சேர்ந்துதான் அவர்களை மீட்டன. இப்போது அந்தத் தீவுகளுக்கு ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு என்று பெயர். போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. உங்கள் டிக்கெட்டில் பழைய பெயரும் ஹோட்டல் ரசீதில் புதிய பெயரும் இருந்தால் குழம்ப வேண்டாம்.

இப்படி மாட்டிக்கொண்டால் கூடுதல் நாட்களுக்கான அறை வாடகை, சாப்பாடு, புதிய விமான டிக்கெட் என்று செலவு ஏறும். பாலிசியில் 'அவசரத் தங்குமிடம்' அல்லது 'பயண நீட்டிப்பு' என்ற பிரிவு இருக்கிறதா, பாலிசிக் காலம் தானாக நீளுமா என்று பாருங்கள். ஐந்து நாள் பாலிசி எடுத்து, ஆறாவது நாளும் தீவிலேயே இருந்தால், அந்த நாளில் வரும் காய்ச்சலுக்கு யார் பொறுப்பு? பெரியவர்களோடு போகிறவர்களுக்கு இது முக்கியம். சர்க்கரை, ரத்த அழுத்தம் எது இருந்தாலும் மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள். மாத்திரையை நாலு நாள் கூடுதலாகவே எடுத்துப் போங்கள். இன்னொன்று, கடைசி இரவை வெளித்தீவில் வைக்காமல் ஸ்ரீ விஜயபுரத்திலேயே வைத்துக்கொண்டால் படகு நின்றாலும் விமானத்தைப் பிடிக்கலாம்.

இலங்கை போகிறவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் அந்த நாட்டைப் புரட்டிப்போட்டபோது கொழும்பு விமான நிலையத்தில் இந்தியப் பயணிகள் பலர் சிக்கிக்கொண்டார்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கான பாலிசியை இந்தியாவை விட்டுக் கிளம்பும் முன்பே எடுத்துவிட வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர், அங்கிருந்து ஃபுளோரிடா, பஹாமாஸ் என்று சுற்றுவது இப்போது சகஜம். அங்கே ஹரிக்கேன் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை உச்சம். அந்த நாட்டு பாலிசிகளில் பெரும்பாலும் புயலுக்குப் பெயர் சூட்டிய நேரம்தான் எல்லைக் கோடு, அதற்குப் பிறகு எடுத்த பாலிசி அந்தப் புயலுக்குச் செல்லாது.

காகிதம் சேர்ப்பது

விமானம் ரத்து என்று எஸ்.எம்.எஸ். வந்ததும் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அதோடு நிற்காமல், ரத்துக்கான காரணம் எழுதிய சான்றிதழை விமான நிறுவனத்திடம் கேளுங்கள். பெரும்பாலும் இணையதளத்திலேயே எடுக்கலாம். 'இயக்கக் காரணங்கள்' என்று பொதுவாக எழுதியிருந்தால் 'வானிலை' என்று திருத்தித் தரச் சொல்லுங்கள், அந்த ஒரு சொல்லில் கிளைம் தொங்கிக்கொண்டிருக்கும். ஹோட்டலும் படகு நிறுவனமும் பணம் திருப்பித் தர மறுத்ததை மின்னஞ்சலில் வாங்குங்கள். வானிலைத் துறையின் அன்றைய அறிக்கையைச் சேமித்து வையுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல பாலிசியில் ஒரு கெடு இருக்கும், புயலில் கரண்ட் இல்லை, நெட் இல்லை என்றாலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். முடிந்த முதல் நேரத்தில் ஒரு போன், ஒரு மின்னஞ்சல்.

பயணத்துக்கு முந்தைய நாட்களில் சென்னை மண்டல வானிலை மையத்தின் அறிவிப்புகளையும், மாநில அரசின் டி.என். அலர்ட் செயலியையும் பாருங்கள். அவசர உதவிக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

கிளைம் நிராகரிக்கப்பட்டால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலோ 155255 என்ற கட்டணமில்லா எண்ணிலோ பதிவு செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ₹50 லட்சம் வரையிலான வழக்குகளை அவர் விசாரிக்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். அவர் தரும் தீர்ப்பு காப்பீட்டு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழி திறந்தே இருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை: நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த ஓராண்டுக்குள் மனு போட்டிருக்க வேண்டும்.

டிசம்பர் 2-ஆம் தேதி எடுத்த பாலிசிக்கு அங்கே என்ன பதில் கிடைத்திருக்கும் என்பது வேறு கேள்வி. அண்ணன் அங்கே போகவே இல்லை. நிராகரிப்புக் கடிதம் 2024 பிப்ரவரியில் வந்தது. குறைதீர்ப்பாளர் என்று ஒருவர் இருப்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்கு இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. நான் போன் செய்து சொன்னபோது ஓராண்டு முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.